முந்நூறு ஜி தாங்கும் ஹார்ட் டிஸ்க்

ஒரு பொருளைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன் அதைப் பயந்து பயந்து வைத்துக்கொள்வான். அவன் கையில் அது பத்து வருஷம் உழைக்கும். எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவன் கையில்தான் ஒரே நாளில் உடையும். கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்துக்கொள்ளும் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி ஆர்.கே.புரத்தில் என் அளவுக்குப் படித்தவன் அந்த வருஷம் யாரும் இல்லை. என் அளவுக்கு நாசம் பண்ணியவனும் இல்லை.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. தில்லியில் மெட்ரோ ஓட ஆரம்பித்திருந்தது, ஆனால் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அரசாங்கக் குவார்ட்டர்ஸின் முன்னறை மூலையில், அம்மா தைத்த பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு எங்கள் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். அதன் கொள்ளளவு நாற்பது ஜி.பி. அதில் முப்பதை நான் அடைத்து வைத்திருந்தேன். பாட்டு, படம், ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத மென்பொருள், விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று. (நான் சைக்கிளே சுமாராகத்தான் ஓட்டுவேன்.) மீதிப் பத்தில் என் அக்கா கோமதியின் எதிர்காலம் இருந்தது.

அக்கா மொழியியலில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தாள். தில்லித் தமிழ் என்று தனியாக ஒன்று கிடையாது. இங்கே வந்து முப்பது வருஷம் ஆனாலும் ஒவ்வொரு வீடும் தன் ஜில்லாவின் தமிழைத்தான் பேசும். நடுவில் ஒரு ‘அச்சா’, ஒரு ‘ஜல்தி’ சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். நாங்கள் திருநெல்வேலி. மாடியில் இருப்பவர்கள் கோயம்புத்தூர். இதைத்தான் அக்கா ஆராய்ந்துகொண்டிருந்தாள். முப்பத்தாறு வீடுகளுக்குப் போய், துறையில் இரவல் வாங்கிய ரெக்கார்டரை வைத்து, ஒவ்வொருவரையும் ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்திருந்தாள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ரெக்கார்டரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒன்பது வீட்டுப் பேச்சை நோட்டில் எழுதி முடித்திருந்தாள். இருபத்தேழு வீடு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. மார்ச் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை தவணை நீட்டித்து வாங்கியாயிற்று. இந்த முறையும் தவறினால் பதிவு ரத்து, மூன்று வருஷ உழைப்பு காற்றில்.

“ஏல சங்கரா, எல்லாத்தையும் சி.டி.யில போட்டு வச்சிருதேன். கம்ப்யூட்டர் வர வர நகரவே மாட்டேங்கு” என்றாள் டிசம்பரில்.

“சி.டி.யா? அதெல்லாம் பழைய காலம்க்கா. கீறல் விழும், பூஞ்சை பிடிக்கும். நான் ஒனக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் பாத்துத் தாரேன். நல்ல ரிலையபிளா.”

அந்த ‘ரிலையபிள்’ என்ற சொல்லை நான் உச்சரித்த தோரணையைப் பார்த்து அவள் ஏமாந்துபோனாள். பாவம், மொழியியல் படித்தவள், சொற்களை நம்பிவிட்டாள்.

அடுத்த ஆறு சனிக்கிழமைகளும் நான் கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடிக்கும் நேரு பிளேஸில் இருந்தேன். கையில் நீல அட்டை நோட்டு. அதில் எட்டுக் கட்டம் போட்டு, தட்டு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, எத்தனை வருஷ உத்தரவாதம், எத்தனை கிராம் எடை, அதிர்ச்சி எவ்வளவு தாங்கும் என்று கடை கடையாகக் கேட்டு எழுதினேன். வாங்குவது மட்டும் இல்லை. நாலாவது வாரமே கடைக்காரர்கள் என்னைப் பார்த்தால் மும்முரமாக எதையாவது தூசு தட்ட ஆரம்பித்தார்கள். குல்தீப்ஜி என்ற ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

“ஆயியே, இன்ஸ்பெக்டர் சாஹப்!”

“குல்தீப்ஜி, இதுல எதை நம்பலாம்? எது மேல பரோஸா வைக்கலாம்?”

“பரோஸா வேணுமா? தோ லே லோ” என்றார் அவர். ரெண்டு வாங்கிக்கொள், ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்று விளக்கம் வேறு. என்ன ஒரு வியாபார புத்தி, ஒன்றைக் கேட்டால் இரண்டைத் தலையில் கட்டப் பார்க்கிறாரே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். (அவர் ஒருவர்தான் அன்று நேரு பிளேஸில் உண்மை பேசியவர்.)

கடைசியில் உள்ளங்கை அளவில், வெள்ளி நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எண்பது ஜி.பி. அதன் பெட்டியில் ஒரு வரி என்னை வீழ்த்திவிட்டது: ‘அதிர்ச்சி தாங்கும் திறன் 300 ஜி.’ பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில், அடைப்புக்குறிக்குள், ‘இயங்காத நிலையில்’ என்று போட்டிருந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படிக்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. (இப்போது அங்கேயேதான் குடியிருக்கிறேன்.)

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ஆபீசை சாயங்காலம் ஆபீசிலேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் அவருக்கு இல்லை. எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் ஒரு கமிட்டி உட்காரும். பொருள் கமிட்டியின் முன்னால் தன்னை நிரூபித்துக் காட்ட வேண்டும். அதற்கு டெமோ என்று பெயர். மிக்ஸி வாங்கியபோது அம்மா கமிட்டியின் முன்னால் தேங்காய்ச் சட்னி அரைத்துக் காட்டினாள். கமிட்டி நாலு இட்லியோடு ருசி பார்த்துத் ‘திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. குவார்ட்டர்ஸ் வாழ்க்கை அப்படி. எல்லா வீட்டிலும் ஒரு கமிட்டி இருந்தது. மாடி வீட்டுத் தாமோதரன் அங்கிள் எல்லாக் கமிட்டியிலும் உறுப்பினர். ராணுவத்துக்கு வாங்கும் சாமான்களைச் சோதிக்கும் துறையில் இருந்தார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஹார்ட் டிஸ்க் வீட்டுக்கு வந்தது. அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். காப்பி எடுக்கவில்லை, மாற்றினேன். அதோடு விட்டேனா? இடம்தான் காலியாகிவிட்டதே, வீட்டைக் கழுவுவதுபோல் கழுவிவிடலாம் என்று கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். குதிரை மாதிரி ஓடியது.

“என் ரெக்கார்டிங் எல்லாம் இருக்குல்லா?” என்றாள் அக்கா.

“ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்குக்கா.”

“அதுல இருக்கு. இதுல?”

“இதுல எதுக்கு? எடத்த அடைக்கவா? அதுக்குத்தான அத வாங்கினோம்.”

“எதுக்கும் திங்கக்கிழம சி.டி. வாங்கியாந்து ஒரு செட் போட்டுருதேன்” என்றாள். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குக் கமிட்டி கூடியது. வெளியே பனிமூட்டம், எல்லாரும் ஸ்வெட்டர், மஃப்ளர் சகிதம். அப்பா என் நீல நோட்டைப் புரட்டினார்.

“என்னல, நம்பகமானதுன்னு எழுதியிருக்க. எத வச்சு எழுதின?”

“முந்நூறு ஜி தாங்கும்ப்பா.”

“முந்நூறு ஜின்னா?”

அது பூமியின் ஈர்ப்பைப் போல முந்நூறு மடங்கு என்று ஐந்து நிமிஷம் விளக்கினேன். அம்மா பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். தாமோதரன் அங்கிள் மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“ஏனுங்க சார், எங்க டிபார்ட்மென்ட்டுல வயர்லெஸ் பொட்டியவே நாலடி ஒசரத்துல இருந்து கீழ போட்டுப் பாப்போமுங்க. அதுக்கப்பறந்தான் பாஸுங்க. ஏங் கண்ணு, உம்பட பொட்டி தாங்குமா?”

அவர் கேட்டது கேள்வி மட்டும்தான். போடு என்று சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. இதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், ஒருத்தரும் சொல்லவில்லை.

“தாங்குமாவா? ஓடிக்கிட்டிருக்கும்போதே தாங்கும் அங்கிள்!” என்றேன்.

சும்மா கிடக்கும் பெட்டியைக் கீழே போட்டு எடுப்பதில் என்ன பெருமை? அதற்குள்ளிருந்து ஏதாவது ஓடிக்கொண்டிருக்க, அது விழ, ஓடுவது நிற்காமல் ஓட வேண்டும். அதல்லவா டெமோ! அக்காவின் பதிவுகளில் தாமோதரன் அங்கிள் பேசியதே ஒன்று இருந்தது. அதைத் தட்டிவிட்டேன். ஸ்பீக்கரில் அங்கிள் கணீரென்று பேச ஆரம்பித்தார். நேரில் இருந்த அங்கிள் தன் குரலைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் ஹார்ட் டிஸ்க்கின் வயர் நீளம் போதுமா என்று அளந்து பார்த்தேன். சோதனை நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா, அதனால் தரையில் விரித்திருந்த ஜமக்காளத்தை நானே சுருட்டி ஓரமாக வைத்தேன். மொசைக் தரை பளபளத்தது. மேஜை விளிம்பிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை, ஒரு விரலால், ஸ்டைலாகத் தள்ளினேன்.

டணார்.

“எங்கூரு சிறுவாணித் தண்ணி இருக்குதுங்களே…” என்று ஸ்பீக்கர் பேசிக்கொண்டே இருந்தது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். அப்பாவின் முகத்தில்கூட ஒரு பெருமை வந்தது. கம்ப்யூட்டர் எப்போதும் நாலைந்து வினாடிக்கு வேண்டியதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும் என்பது நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். அந்த நாலைந்து வினாடிதான் என் வெற்றியின் மொத்த ஆயுள்.

“…அது தண்ணியே இல்லீங்க, அது வந்துங்க…”

அதோடு நின்றது. தரையிலிருந்து மட்டும் ‘டிக்… டிக்… டிக்…’ என்று ஒரு சத்தம்.

தாமோதரன் அங்கிள் ஸ்பீக்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நா இன்னும் சொல்லி முடிக்கலீங்களே?” என்றார்.

என் கூச்சலைக் கேட்டு அக்கா கையில் டீத் தட்டோடு வந்து நின்றாள். சுருட்டிய ஜமக்காளத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். தட்டை மெதுவாக மேஜையில் வைத்தாள். திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேரு பிளேஸுக்கு ஓடினேன். குல்தீப்ஜியின் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது என் அதிர்ஷ்டம். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைத் தூக்கி உள்ளே விட்டார். ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, டாக்டர் மாதிரி காதோடு வைத்துக் கேட்டார். உள்ளே தட்டில் ஊசி கீறிவிட்டது, என்ன செலவு செய்தாலும் திரும்பாது என்றார். “கயா, பேட்டா.” ரெண்டு வாங்கச் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருடையது என்று மட்டும் கேட்டார். அக்காவுடையது என்றேன். டீ வரவழைத்துக் குடிக்க வைத்தார். கிளம்பும்போது நூறு வெற்று சி.டி. அடுக்கிய டப்பா ஒன்றை என் கையில் திணித்து, “தீதி கோ தே தேனா” என்று அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். பையில் கை விட்டால் கோபித்துக்கொண்டார்.

அக்கா எங்கள் பக்கத்து முருகன் கோயிலான மலை மந்திரின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மடியில் நோட்டை வைத்து வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். அந்த இருபத்தேழு வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று நினைவிலிருந்து பிடித்துப் பார்க்கிறாள் என்பது பக்கத்தில் போனதும்தான் புரிந்தது. ஒரு படி கீழே உட்கார்ந்தேன். சி.டி. டப்பாவை நீட்டினேன்.

“நாலு வீடுகூட வரலல” என்றாள். “அப்படியே வந்தாலும் அத எழுதக் கூடாது. கேட்டதத்தான் எழுதணும், நெனச்சத எழுதினா அது ஆராய்ச்சி இல்ல.” நோட்டை மூடினாள். “நாளைக்குப் போயி ரெக்கார்டர மறுபடி கேக்கேன். நீ கூட வா. பைய மட்டும் தூக்கு. மைக்கத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தைப் போல என் வாழ்க்கையில் எதுவும் அத்தனை இனிமையாக ஒலித்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் அப்பா கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். “டெமோ கேட்டது நாந்தாம்மா” என்று அக்காவிடம் சொன்னார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சொன்னார். பிறகு இருபத்தேழு வீட்டுக்கும் தன் கைப்பட எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டினார். ‘தவிர்க்க இயலாத காரணத்தினால் தங்களது பேச்சு அழிந்துவிட்டது. மறுமுறை பேசி உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.’

இப்படி ஒரு கடிதம் வந்தால் யார் சும்மா இருப்பார்கள்? மூன்றாம் நாளிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தவிர்க்க இயலாத காரணம் என்ன என்று எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டும். அம்மா எடுத்து ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். (ஜமக்காளத்தைச் சுருட்டிய இடத்தை அவள் ஒரு தடவைகூட விட்டதில்லை.) கேட்டவர்கள் அடுத்தவருக்குச் சொன்னார்கள். நாங்கள் ரெக்கார்டரோடு பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே என் புகழ் யமுனையைத் தாண்டிவிட்டது.

முதல் வீடு மயூர் விஹார். தஞ்சாவூர் மாமி கதவைத் திறந்ததும் அக்காவைத் தாண்டி என்னைப் பார்த்தாள். “வாடா கொழந்தே! கீழே போட்டா ஒடையும்னு நோக்குத் தெரியாதா? ஆத்துல பெரியவா எல்லாரும் ஒக்காந்துண்டு வேடிக்கை வேற பாத்துண்டிருந்தாளாம்! ரெண்டு கையையும் தூக்கிண்டு ஆடினியாமே?”

அடுத்தது லக்ஷ்மிபாய் நகர், நாகர்கோவில்காரர் ஒருவர். “எடே, நீயா அந்தப் பய? நல்லா இருந்த சாதனத்த மேசையில இருந்து சாட விட்டியாம்லா? மண்டைக்கு வழியில்லையாடே ஒனக்கு?”

மதுரை வீட்டில்: “அங்கிட்டு ஒரு ஆபீசரு, இங்கிட்டு ஒரு ஆபீசரு, நடுவுல தம்பி பெட்டிய உருட்டி விடுறாரு. எல்லாம் படிச்சவய்ங்கப்பா!”

வடசென்னையிலிருந்து வந்த டிரைவர் ஒருவர் வீட்டில், சுருக்கமாக: “இன்னா நைனா, டமால்னு வுட்டியாமே?”

நான் பையை அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பேன். எல்லா வீட்டிலும் முதலில் நான் வதம் செய்யப்படுவேன், பிறகு எனக்கு டிபன் வரும். ‘போன தடவைதான் ஒரு மணி நேரம் பேசியாச்சே’ என்று ஒரு வீடுகூட முகம் சுளிக்கவில்லை. கரோல் பாக்கில் ஒரு அம்மா காய்ச்சலோடு, ரஜாயைப் போர்த்திக்கொண்டே உட்கார்ந்து பேசினார். “பொண்ணு படிப்பு கெடக் கூடாதில்ல?” என்றார். அப்போது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. ஒரு முட்டாளுக்காக இத்தனை கதவு இரண்டாவது தடவை திறக்கும் ஊரில்தான் நான் வளர்ந்திருக்கிறேன் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

பத்தாவது வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் முழங்கையில் இடித்தாள்.

“ஏல, கவனிச்சியா? போன தடவ மைக்க வச்ச ஒடனே எல்லாரும் ரேடியோ நியூஸ் வாசிக்கிற மாதிரில்லா பேசினாவ. நாகர்கோவில் சார் ‘எங்கள் ஊரில் நெல் விளைகிறது’ன்னு கட்டுரை ஒப்பிச்சாரு. இப்பம் பாரு, ஒன்னைய ஏசுத சாக்குல மைக் இருக்கதையே மறந்துட்டாவ. பேச்சு அப்படியே ஊர்ப் பேச்சா கொட்டுது.”

“சந்தோஷம்க்கா” என்றேன் பலவீனமாக.

“அதுமட்டுமில்ல. எல்லாரும் ஒரே கதயச் சொல்லுதாவ. ஒரே கத, இருபத்தேழு தமிழ். ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல வச்சுப் பாக்கலாம்ல!” அவள் கண்ணில் நான் ஒரு மாசமாகப் பார்க்காத வெளிச்சம். மறுநாளிலிருந்து, மறந்துபோய் வேறு எதையாவது பேச ஆரம்பித்தவர்களிடம்கூட அவளே எடுத்துக் கொடுத்தாள்: “அந்த ஹார்ட் டிஸ்க் சமாச்சாரம் கேள்விப்பட்டீங்களா மாமா?”

ஒவ்வொரு வீடு முடிந்ததும் குல்தீப்ஜி கொடுத்த சி.டி.யில் இரண்டு பிரதி போட்டோம். ஒன்று வீட்டில், ஒன்று தாமோதரன் அங்கிளின் இரும்புப் பெட்டியில். அங்கிள் இரண்டாவது தடவை பேசும்போது சிறுவாணியைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரமும் ‘போட்டுப்போட்டானுங்க’ என்று என்னைப் பற்றியேதான்.

அக்கா மார்ச் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்த இருபத்தேழு பேச்சும் இருந்த பின்னிணைப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம், சிரித்துச் சிரித்து. பிறகு, எல்லாரையும் இவ்வளவு இயல்பாகப் பேசவைக்கும் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டாராம். “என் தம்பி தேர்ந்தெடுத்தான் சார்” என்றிருக்கிறாள் அக்கா.

இன்று அவள் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. பேச்சைக் கேட்டு ஒலிக்குறியீட்டில் எழுதும் தேர்வுக்கு வருஷா வருஷம் அந்த இருபத்தேழில் ஒன்றைத்தான் போடுகிறாள். ஒலிபெருக்கியில் யாராவது என்னைத் திட்ட, முப்பது நாற்பது பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு அதை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறார்கள். ஹாலிலிருந்து வெளியே வந்ததும் எனக்கு போன் வரும்.

“ஏல, இந்த வருஷம் மதுரையப் போட்டுருக்கேன்.”

“சரிக்கா. பிள்ளைங்க எப்படி எழுதுதாங்க?”

“ஒனக்கு எதுக்குல அது?”

“இல்லக்கா, என்னால யாரும் ஃபெயிலாயிரக் கூடாதுல்லா.”